வராமற்போன ஆயாக் கொட்டகை

எனக்கு நாற்பத்திரண்டு வயதில் ஆண்பிள்ளை பிறந்தது. அந்த வயதில் மற்றவர்கள் பேரப்பிள்ளைக்குக் காது குத்த நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஏலத்தில் புத்தகம் வாங்கினேன். சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கட்டிலுக்கும் கண்ணாடி அலமாரிக்கும் எல்லாரும் கை தூக்கினார்கள். குழந்தை வளர்ப்பைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வந்தபோது நான் மட்டும் தூக்கினேன். போட்டிக்கு ஆளே இல்லை. ஏலக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு அதைத் தள்ளிவிட்டார்.

புத்தகத்தில் பல விஷயங்கள் இருந்தன. முதல் மூன்று வருஷத்தில் பிள்ளை தவழ வேண்டும், பிடித்து நிற்க வேண்டும், விழ வேண்டும், கண்டதைத் தொட வேண்டும்; அந்தக் காலம் கடந்துவிட்டால் பிறகு என்ன ஊட்டினாலும் பழையபடி ஒட்டாது என்று இருந்தது. பிள்ளையோடு ஓயாமல் பேச வேண்டும், பதில் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இருந்தது. வக்கீல் ஆபீசில் குமாஸ்தாக் கிராணியாக இருந்துகொண்டு பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்துவருகிறேன் என்பதால் எனக்கு அது சிரமமாகப் படவில்லை.

"பெத்தது நானு, படிக்கிறது நீங்க. நல்லாத்தான் இருக்கு," என்றாள் என் மனைவி.

படித்ததனால் என் பிள்ளைக்கு நன்மை உண்டாயிற்றா என்பது தெரியாது. எனக்கு ஒரு கெடுதல் உண்டாயிற்று. அதுவரை கண்ணில் படாதது எல்லாம் படத் தொடங்கியது.

பினாங்கில் ஆயர் ஈத்தாமிலிருந்து டிராமில் ஏறி ஊருக்குள் ஆபீசுக்குப் போவேன். அந்த வருஷம் டத்தோ கிராமட் சாலையைப் பெயர்த்துக் கல் போட்டுக்கொண்டிருந்தார்கள். முனிசிபல் வேலைக்காரப் பெண்கள் கூடையில் ஜல்லி சுமப்பார்கள். சாலையோர மரம் ஒன்றில் ஒரு பெண்குழந்தையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். பழைய சேலையைக் கிழித்து முறுக்கிய கயிறு. இடுப்பைச் சுற்றி வந்து, கை எட்டாதபடி முதுகுப் பக்கம் முடிச்சு. மறுநாளும் இருந்தது. ஆனால் அடுத்த மரத்தில். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு மரம் தள்ளி. வேலை நகர நகர மரம் மாறியது. அந்தப் பிள்ளை நடக்கவில்லை, சாலைதான் நடந்தது.

ஒருநாள் பாதி வழியில் இறங்கி, அதன் தாய் யாரென்று விசாரித்து அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, பிள்ளையை இப்படிக் கட்டி வச்சிருக்கியே?"

தலையில் கூடையோடு போனவள் நிற்கவில்லை. "கட்டாம வுட்டா கிராணி ஐயா வந்து பாத்துக்குவீங்களா?"

"எனக்கு ஆபீசு இருக்கு."

"எனக்கும் அதாங்கய்யா. ஆபீசு."

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். நான் அடுத்த டிராமுக்காகக் காத்திருந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டிராம் அன்றைக்குப் பார்த்து வெகுநேரம் வரவில்லை.

ஆனாலும் மறுநாளும் இறங்கினேன். அன்று காலைச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தாள், கொஞ்சம் பேசினாள். பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டது. இன்னும் நடக்கவில்லை. அம்மா என்றுகூடச் சொன்னதில்லை. புருஷன் இதே சாலை வேலையில் இருந்து காய்ச்சலில் போய்விட்டான். அவன் இடத்தில் இவளை எடுத்துக்கொண்டார்கள். குடியிருக்கும் கூலி லயத்து அறையில் விட்டுவரலாம் என்றால் பகலில் அங்கே ஒருவரும் இருப்பதில்லை.

"கயிறு ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு?"

"அளந்து பாத்துத்தான்யா கட்டுவேன். இந்தப் பக்கம் ரெண்டு முழம் போனா லோங்காங்குச் சாக்கடை, மழை பேஞ்சா தலைக்கு மேல ஓடும். அந்தப் பக்கம் ரெண்டு முழம் போனா மோட்டாரு. ஒவ்வொரு மரத்துக்கும் அளந்துதான் முடிச்சு போடுறது." பிறகு, யாரையோ குறை சொல்வதுபோல, "நான் வளந்தது அக்கரை ரப்பர் தோட்டத்துல. அங்க ஆயாக் கொட்டகை இருக்கு. விடியக்காலம் பெரட்டுல வேலைக்குப் பேரு குடுக்கப் போறப்ப பிள்ளையை ஆயாகிட்ட வுட்டுட்டுப் போவாங்க. சாயங்காலம் தூக்க வந்தா அது ஆத்தாளையே மறந்துட்டு வெளையாடிக்கிட்டு இருக்கும். டவுனுல எல்லாம் இருக்கு. டிராமு இருக்கு, கரண்டு வெளக்கு இருக்கு. ஒரு கொட்டகையும் ஒரு ஆயாவும் மட்டும் இல்ல."

ஒரு கொட்டகை, ஒரு ஆயா. புத்தகம் நானூறு பக்கத்தில் சொன்னதை அவள் சோற்றுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடித்துவிட்டாள். இது நடக்கக்கூடிய காரியம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு அப்படித் தோன்றிய காரியங்களின் கதியை அறிந்தவர்கள் அப்போதே அவளை எச்சரித்திருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. நான் அதன் செயலாளன். பினாங்கில் தமிழர் நான்கு பேர் ஒரே நாளில் ஒரே கடையில் பசியாறினால் மறுநாள் அவர்களுக்குச் சங்கம் இருக்கும், அதற்கடுத்த நாள் இரண்டு சங்கம் இருக்கும். எங்களுடையது உடையாமல் இருந்ததற்குக் காரணம் தலைவர். அரிசி வியாபாரி, தாராளமான மனுஷர், யாரையும் மாலை போடாமல் அனுப்பமாட்டார். விஷயத்தைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டார்.

"மரத்துலயா கட்டிப் போட்டிருக்கு? ஐயோ பாவமே. எழுதுங்க தம்பி மனு. நல்லா எழுதுங்க. உங்களுக்குச் சொல்லணுமா?"

சொல்லியிருக்கலாம். முதலில் தமிழிலும் பிறகு இங்கிலீஷிலுமாகப் பதினான்கு பாராவில் எழுதினேன். சக்கரவர்த்தியின் குடைநிழல், முனிசிபாலிட்டியின் கருணை, எங்கள் இனத்தின் தொன்மை, எங்கள் கோயில்களின் உயரம் எல்லாம் முதல் பதினொரு பாராவில் வந்தன. மரத்தில் கட்டிய பிள்ளை பன்னிரண்டாவது பாராவில் வந்து பதின்மூன்றாவதில் போய்விட்டது. பதினான்கில் மறுபடியும் குடைநிழல். அதை நான் சங்கத்தில் வாசித்தபோது கைதட்டினார்கள். இரண்டு இடத்தில் நானே குரல் தழுதழுத்தேன், இரண்டும் இலக்கணச் சிறப்புள்ள இடங்கள்.

ஆச்சரியம் என்னவென்றால் பதில் வந்தது. முனிசிபல் சுகாதார அதிகாரியான துரையே எழுதியிருந்தார். சனிக்கிழமை மாலை சங்க மண்டபத்துக்கு வருவதாகவும், சாலை வேலைக்காரிகளின் குழந்தைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று தம் கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்வதாகவும் இருந்தது. பன்னிரண்டாவது பாராவரை படித்த மனிதர் ஒருவர் அந்தக் கந்தோரில் இருந்திருக்கிறார்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்காகக் கூடையை இறக்கி வைத்தாள்.

"எப்பய்யா வரும் கொட்டகை?"

"துரை பாத்துட்டுப் போனா சீக்கிரமே வந்துரும்."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க. இதுக்கு ரெண்டேகால் ஆச்சு. இன்னும் ஒரு வருசம் இப்படியே கெடந்தா இது எந்திரிக்காது. எங்க லயத்துல அப்படி ஒண்ணு இருக்கு, பெருசாயிருச்சு, சுவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும்."

வெள்ளிக்கிழமை சங்கத்தில் கூடினோம். சாலை வேலைக்காரிகள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். தலைவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பீளை கட்டிய கண், சிரங்கு, ஊதின வயிறு. முகம் மாறிவிட்டது.

"தம்பி, இந்தக் கோலத்துலயா நம்ம பிள்ளைகளைத் துரைக்குக் காட்டப் போறோம்?"

"இந்தக் கோலத்துல இருக்குன்னுதானேண்ணே கூப்பிட்டிருக்கோம்."

"அதான் எழுத்துல சொல்லியாச்சே, பதினாலு பாராவுல. கண்ணுலயும் காட்டணுமா? மத்த இனத்துக்காரன் என்ன சொல்லுவான்? போட்டோ வேற புடிக்கிறாங்கல்லா. அந்தப் படம் ஊருக்கெல்லாம் போகும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாசலில் விருந்தாளியின் தலை தெரிந்ததும் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே எறிகிற ஜனங்கள் நாங்கள். புதுப் பாய் தரப்போகிறவரே வந்தாலும் கிழிந்த பாயை அவர் பார்க்கக்கூடாது. அப்படியே நடந்தது. பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஏற்பாடு ஆயிற்று. அங்கத்தினர் வீடுகளிலிருந்து பட்டுச் சட்டையும் கொலுசும் வாங்கிவரச் சொன்னார் தலைவர். உடுத்திப் பார்த்தும் தேறாத பிள்ளைகள் ஐந்து. மரத்துப் பிள்ளை அதில் ஒன்று. சட்டையைப் போட்டு உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"இந்த அஞ்சுக்கும் பதிலா நம்ம வீட்டுப் பிள்ளைகளை உக்கார வச்சிருவோம்," என்றார் தலைவர். "துரைக்கு எல்லாத் தமிழ்ப் பிள்ளையும் ஒண்ணுதான். உங்க பையன்கூட இருக்கானே தம்பி, கொழுகொழுன்னு. அவன் ஒருத்தன் போதுமே."

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தது உண்மை. ஆனால் "கொழுகொழு" என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. புத்தகம் பார்த்து வளர்த்த பிள்ளை, ஊர் பார்க்கட்டுமே என்று இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி முதலில், "என் பிள்ளை அடுத்தவ மடியிலயா?" என்றாள். சட்டையை மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தவள், "அப்ப அவ பிள்ளை எங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

"பின்னால இருக்கும்."

"பின்னாலன்னா?"

நான் என் கோட்டைத் தேடப் போனேன். அது ஆணியில் என் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை துரை சரியான நேரத்துக்கு வந்தார். தலைவர் ஆள் உயர மாலையைப் போட்டார். மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து வேலைக்காரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு மடியிலும் ஒரு பட்டுச் சட்டை. அவள் மடியில் என் மகன். அவளுடைய பிள்ளை பின்கட்டில், சமையல் சாமான் வைக்கிற தாழ்வாரத்தில் இருந்தது. அங்கே கிணறு உண்டு என்பதால் அவளே தூணில் கட்டிவிட்டு வந்திருந்தாள். அதே சேலைக்கயிறு. கிணற்றுக்கு எத்தனை முழம் என்று அளந்துதான் கட்டியிருப்பாள். அழுகிற பிள்ளையாக இருந்தால் சத்தமாவது முன்கட்டுக்கு வந்திருக்கும். அது அழுது பழகாதது.

துரை நல்ல மனிதர். முழங்காலிட்டு ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்தார். என் மகனிடம் வந்ததும் அவன் துரையின் கடிகாரச் சங்கிலியைப் பிடித்து எழுந்தான், நான்கு அடி நடந்தான், விழுந்தான், தானே எழுந்தான், "தண்ணி" என்றான். நான் ஏலத்தில் எடுத்த புத்தகம் முழுவதும் ஐந்து நிமிஷத்தில் அரங்கேறிவிட்டது. துரைக்கு ஒரே சந்தோஷம்.

"இவ்வளவு கடினமான வேலைக்கு நடுவில் பிள்ளையை எப்படி இத்தனை நன்றாக வளர்க்கிறாள் என்று கேளுங்கள்," என்றார் என்னிடம்.

கேட்டேன். அவள் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"கட்டிப் போட்டிருக்கேன்னு சொல்லுங்கய்யா. பின்னால தூணுல கட்டிப் போட்டிருக்கேன், வந்து பாக்கச் சொல்லுங்க."

தலைவர் இருமினார். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்திருந்தார். துரை புன்னகையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முனிசிபாலிட்டியின் தயவால் வளர்க்கிறேன் என்கிறாள்," என்று மொழிபெயர்த்தேன்.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் துரை சிரித்த விதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். என் மகன் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். கையை மெதுவாக எடுத்துவிட்டாள். அப்போதுதான் படம் பிடித்தார்கள்.

தலைவர் அங்கேயே ஒரு பரிசும் அறிவித்தார்: நல்ல வளர்த்திக்கு முதற்பரிசு, அவள் மடியிலிருந்த என் மகனுக்கு. டப்பாப் பால், தலைவர் உபயம்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. சாலை வேலைக்காரிகளின் குழந்தைகள் சிறந்த ஆரோக்கியத்துடன் இருப்பதை நேரில் கண்டதாகவும், இந்தத் தாய்மாரின் வளர்ப்பு முறை மற்றவர்களுக்கு முன்மாதிரி என்றும், ஆகவே கொட்டகைக்கு இப்போது அவசியம் காணப்படவில்லை என்றும் துரை எழுதியிருந்தார். ஆதாரமாக, 'தங்கள் செயலாளர் அன்புடன் அனுப்பிவைத்த புகைப்படம்' கோப்பில் சேர்க்கப்பட்டிருந்தது. ஆம், நான்தான் அனுப்பியிருந்தேன். அடியில் தலைப்பும் அழகான கையெழுத்தில் நானே எழுதியிருந்தேன்.

தலைவர் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டினார்.

"துரை கைப்பட நம்ம பிள்ளைகளைப் பாராட்டியிருக்கார் தம்பி! இதுக்கு மேல என்ன வேணும்?"

"கொட்டகை வேணும்ணே."

"அது வர்றப்ப வரும்லா."

பால் டப்பாவை என் மனைவி வீட்டில் வைக்க விடவில்லை. "அதை அவகிட்டக் குடுத்துட்டு வாங்க. அவ மடியில உக்காந்து வாங்கினது," என்றாள். கொண்டுபோனேன். வேலை அப்போது ஜெயில் பக்கம் வரை வந்திருந்தது. அவள் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம் இருந்தது.

"பாலா கேட்டோம்?" என்றாள். "நான் வேணாங்கல. குடிக்கும். ஆனா பாலு குடிச்சா கயிறு அவுந்துருமா?"

நான் அவளிடம் மன்னிப்பு என்ற மாதிரி ஏதோ சொன்னேன். மனு எழுதுகிற தமிழில் வந்தது. அவளுக்குப் புரிந்ததா என்பது தெரியாது.

"துரைகிட்டப் போயி நெசத்தைச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் அவங்க பாசை வருமே. எனக்கு வந்தா நானே போயிருப்பேன்."

போனேன். மூன்று வாரம் தைரியம் சேர்த்துக்கொண்டு போனேன். சங்கத்துக்குத் தெரியாமல், அரைநாள் லீவு போட்டுவிட்டு, கந்தோரில் ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து உள்ளே நுழைந்தேன். "அன்று தாங்கள் தூக்கிய பிள்ளை அந்தப் பெண்ணுடையது அல்ல, என்னுடையது," என்றேன்.

துரை எழுந்து கை குலுக்கினார். "அருமையான பையன். வாழ்த்துக்கள்," என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து, பொறுமையாக, தூண் கயிறு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. கோப்பை எடுத்துப் புகைப்படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்று நீங்கள் சொன்னது பொய் என்றால், இன்று சொல்வது உண்மை என்று நான் எதை வைத்து நம்புவது?"

"என்னோடு வாருங்கள், மரத்தைக் காட்டுகிறேன்."

"போன முறையும் அழைத்தீர்கள், வந்தேன்," என்றார். கோப்பை மூடினார். "மன்னிக்கவும். இது முடிந்துபோன விஷயம்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் மூடியிருப்பேன், ஆனால் அவரைப்போல மரியாதையாக அல்ல. தலைவரிடம் வந்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு உண்மையை எழுதிக் கொடுப்போம் என்றேன். "நாங்க எல்லாம் பொய்யனுங்கன்னு சங்கத்து முத்திரை போட்டுக் குடுக்கச் சொல்றியா தம்பி?" என்று கேட்டார். கூட்டத்தில் தீர்மானமாக வந்து ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்ததை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதியவனும் நான்தான்.

அந்தச் சாலை முடிந்தது. அவளை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். தேடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தேடவில்லை. டிராமில் அந்த மரங்கள் தெரியாத எதிர்ப்பக்கம் உட்கார ஆரம்பித்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும். ஆபீசுக்குப் போகும் தெருவில் கால்வாய் ஓரம் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் அந்தப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் வளர்ந்திருந்தது, தலைமயிர் செம்பட்டையாக இருந்தது. இடுப்பில் கயிறு இல்லை.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஒன்றும் செய்யாமலே எல்லாம் சரியாகிவிட்டது, இனி டிராமில் இரண்டு பக்கமும் உட்காரலாம் என்று நினைத்தேன். ஏறக்குறைய ஓடினேன்.

"அவுத்து வுட்டுட்டியாம்மா?"

கூடையோடு வந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு நின்றாள். கோபம் எதுவும் இல்லை.

"ஆமாங்கய்யா. இனிமே கட்ட வேண்டியதில்ல."

"நடக்குதா?"

"இல்லய்யா. கட்டாட்டியும் அங்கனயேதான் உக்காந்திருக்கு. ரெண்டு முழத்துக்கு அந்தப்பக்கம் போறதில்ல." கூடையை ஏற்றிக்கொண்டு நடந்தாள். கங்காணி பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் குழந்தைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். தெருவில் ஒரு மோட்டார் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அது திரும்பிப் பார்க்கவில்லை. கையில் ஒரு ஜல்லிக்கல் இருந்தது. வீட்டில் அந்நேரம் என் மகன் பூனையைத் துரத்திக்கொண்டு மூன்று அறையையும் கலைத்திருப்பான்.

பதில் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததே. பேசினேன். கல்லு, என்றேன். மரம், என்றேன். அதோ பாரு அம்மா, என்றேன். வழியில் போகிறவர்கள் கோட்டுப் போட்ட ஆள் ஒருவன் தரையில் உட்கார்ந்து தனக்குத்தானே பேசுவதைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. குழந்தை கல்லையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து, முழங்காலில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஆபீசுக்குப் போனேன்.